ஸ்கேன் நார்மல்

"ஸ்கேன் நார்மல்ணே, மூளையில ஒண்ணுமில்ல." சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

நான் கண் டாக்டர். அவர் காசிமேட்டில் படகு இன்ஜின் பார்க்கிறவர், வயது 44. கண் அழுத்தம் வலது 14, இடது 15. எந்த நேரத்தில் பார்த்தாலும் 16-ஐத் தாண்டவில்லை. ஆனால் இரண்டு பார்வை நரம்பின் தலையிலும் எல்லோருக்கும் இருக்கும் சின்னக் குழி பெரிதாகியிருந்தது, எந்தப் பக்கம் பார்வை குறைந்திருக்கிறது என்று காட்டும் ஃபீல்ட் டெஸ்டில் மேல்பாதியில் வில் மாதிரி ஒரு கறுப்பு. சென்னையில் நடந்த ஆய்விலேயே திறந்த கோண குளுக்கோமா (பார்வை நரம்பு மெல்ல மெல்ல அழியும் நோய்) உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அழுத்தம் இயல்பு வரம்பான 21-க்குள்தான் இருந்தது, அதனால் இது அபூர்வமில்லை. மூளைக்கடியில் வரும் பிட்யூட்டரி கட்டியோ, மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா கட்டியோ நரம்பை அழுத்தினாலும் இப்படிக் குழி விழலாம், அதற்குத்தான் எம்ஆர்ஐ. எல்லோருக்கும் வேண்டாம். நரம்பின் விளிம்பு வெளிறியிருந்தால், எழுத்துப் பலகையில் பார்வை 6/12-க்கும் கீழே போயிருந்தால், ஃபீல்டில் கறுப்பு நடுக்கோட்டோடு செங்குத்தாக வெட்டியதுபோல நின்றால், வயது 50-க்குள் இருந்தால் எடுங்கள் என்று 1998-லேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதிவிட்டார்கள். இவருக்குப் பொருந்தியது வயது மட்டும்தான்.

"கண்ணுக்கு வந்தா தலைய ஏன் மேடம் படம் புடிக்கணும்?" என்றார். விளக்கினேன். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரட்டுமா என்றதற்கு, அலைந்தால் வேலை போய்விடும் என்று வெளியிலேயே எடுத்தார். மனைவியின் கம்மல் வண்ணாரப்பேட்டை அடகுக்கடைக்குப் போனது அப்புறம்தான் தெரியும்.

எடுக்கச் சொன்னது தப்பில்லை. பயிற்சிக் காலத்தில் ஒருவருக்கு ஒரு வருடம் சொட்டு மருந்து போட்டுவிட்டுக் கடைசியில் கட்டியைக் கண்டுபிடித்ததைக் கூட இருந்து பார்த்தவள் நான்.

நார்மல் என்றதும் கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். சொட்டு மருந்தைத் தினமும் ராத்திரி விடவேண்டும் என்று சொன்னேன், சீட்டிலும் எழுதினேன். சொன்னேன்தான். கும்பிட்ட பிறகு சொன்னது காதில் ஏறியிருக்குமா? பத்து மாதம் கழித்து வந்தார். ஒரு பாட்டிலோடு நிறுத்தியிருந்தார். "நீங்கதானே மேடம் ஒண்ணுமில்லன்னீங்க?" இடது கண்ணில் கறுப்பு நடுப்பார்வையை நெருங்கிவிட்டது. போனது திரும்பாது.

குளுக்கோமா உறுதி, அதற்கு மருந்து ஆயுசுக்கும் வேண்டும், கட்டி மட்டும் இல்லை என்று வரிசையை மாற்றிச் சொல்லியிருந்தால்? அவ்வளவு செலவு செய்துவிட்டு வந்தவருக்கு நல்ல சேதியை முதலில் சொல்லத் தோன்றியது, வேறொன்றுமில்லை.

போன வாரம் 47 வயதில் ஒரு அம்மா, அதே குழி, அதே வில். எம்ஆர்ஐக்கு எழுதப்போய் நிறுத்தினேன். சொட்டு மருந்து கொடுத்து, மூன்று மாதத்தில் ஃபீல்ட் மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் ரிசப்ஷனில் கேட்டு அவருடைய நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் கூப்பிடவில்லை.