இரண்டு நெல் இலைகளும் ஒரு தம்ளர் தண்ணீரும்

போன கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு காலை. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பிரேயருக்கு முன்பே ஆய்வக வாசலில் வந்து நின்றான். கையில் நோட்டுத்தாளில் சுற்றிய நெல் இலைகள். "டீச்சர், இது மேட்டு வயல். இது வாய்க்காலை ஒட்டின வயல். ரெண்டுக்கும் ஒரே மருந்து அடிக்கலாமான்னு அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகத் தாவரவியல் எடுக்கிறேன். உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரிக்கிற பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் முதல் சில வருடங்கள் அதை அட்டவணையாகத்தான் நடத்தினேன். மொனிரா (செல்லில் உட்கரு இல்லாதவை), புரோட்டிஸ்டா (பெரும்பாலும் உட்கருவுள்ள ஒருசெல் உயிர்கள்), பூஞ்சை, தாவரம், விலங்கு; இப்படிப் பிரித்தவர் விட்டேக்கர், 1969. பிள்ளைகள் அப்படியே எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினார்கள். அதே பிள்ளைகளிடம் வைக்கோல் போரில் முளைத்திருந்த காளானைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். செடி என்றார்கள்.

அப்புறம் முறையை மாற்றிக்கொண்டேன். ஜூனில் பாடம் தொடங்குவதற்கு முதல் நாள், "செடியா பிராணியா என்று உங்களால் சொல்ல முடியாத ஒன்றைக் கொண்டு வாருங்கள்" என்பேன். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் எங்கள் பக்கத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதனால் அந்தச் சமயத்தில் வயலை விட வீடும் குளமும்தான் கைகொடுக்கும். புளித்த இட்லி மாவு, தயிர், குளத்துப் பாசி, காளான், மாட்டுக்குப் போடுகிற அசோலா என்று மேசை நிறைந்துவிடும்.

1735-இல் லின்னேயஸ் உயிர்களைத் தாவரம், விலங்கு என்று இரண்டாகத்தான் பிரித்தார். முதலில் அந்த இரண்டு பெட்டிகளை மட்டும் பலகையில் வரைந்து, நீங்களே பிரியுங்கள் என்று விட்டுவிடுவேன். சண்டை வரும். வரட்டும். காளான் நகராது, அதனால் செடிதான் என்பான் ஒருவன். பச்சையே இல்லையே, அது எதை வைத்துச் சோறு பொங்கும் என்பாள் இன்னொருத்தி. இருவரும் நன்றாக மல்லுக்கு நின்ற பிறகு சொல்வேன்: காளானின் செல்சுவரில் இருப்பது கைட்டின். நம் வயல் நண்டின் ஓட்டில் இருக்கிறதே, அதே பொருள். செடியைப் போல மாவாகச் சேர்த்து வைக்காமல், நம் ஈரலைப் போலக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. வகுப்பு அப்படியே அடங்கிவிடும். பூஞ்சைக்கு ஏன் தனி உலகம் என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியதே இல்லை.

அசோலாவுக்கு மட்டும் ஒரு பீரியட் முழுதாக ஒதுக்குவேன். அது மிதக்கும் பெரணி, சந்தேகமில்லாமல் தாவரம். அதன் இலையை ஒரு சொட்டுத் தண்ணீரில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே வேறொன்று தெரியும். "பாசிமணி கோத்த மாதிரி இருக்கு டீச்சர்!" ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை இப்படிச் சொல்லிவிடுகிறது. அதுதான் அனபீனா என்கிற நீலப்பச்சைப் பாசி. மணிகளுக்கு நடுவே சற்றுப் பெரிதாக, வெளிறித் தெரிகிறவை காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடிக்கும் செல்கள். நம் ஊரில் அசோலாவை உரமாக வயலில் விடுவது இந்த மணிகளுக்காகத்தான். நீலப்பச்சைப் பாசி என்று பெயர் இருந்தாலும் அதன் செல்லில் உட்கரு கிடையாது. அது பாக்டீரியாவோடு மொனிராவில் சேர்ந்தது. விரல்நகம் அளவு செடிக்குள் இரண்டு உலகங்கள்! பெயரை நம்பாதே, செல்லைப் பார் என்று அன்றைக்குச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது.

சரி, அந்தப் பையனின் இலைகளுக்கு வருகிறேன். மேட்டு வயல் இலையில் இரண்டு முனையும் கூர்மையான, கண் போன்ற புள்ளிகள், நடுவே சாம்பல் நிறம். வாய்க்கால் வயல் இலை, நுனியிலிருந்து ஓரம் வழியாக அலை அலையாக மஞ்சளாகிக் காய்ந்திருந்தது. பதிலை நான் சொல்லவில்லை. இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தெளிந்த தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு இலையிலும் நோய் பட்ட இடத்தைத் துண்டாக நறுக்கி, வெட்டுவாய் தண்ணீருக்குள் இருக்கும்படி பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். சில நிமிடங்களில் வாய்க்கால் வயல் இலையிலிருந்து பால் கரைகிற மாதிரி மெல்லிய கலங்கல் இறங்கியது. மற்றதில் ஒன்றும் இல்லை. அந்த இலையை ஈரத்தாளில் ஓர் இரவு வைத்து, மறுநாள் புள்ளியைச் சுரண்டிப் பார்த்தோம்: பேரிக்காய் வடிவத்தில் பூஞ்சையின் வித்துகள்.

ஒன்று குலை நோய், பூஞ்சை. மற்றது பாக்டீரியா இலைக்கருகல், மொனிரா. "அப்ப பூஞ்சைக்கொல்லி வாய்க்கால் வயலுக்கு வீணா போயிரும் டீச்சர்" என்று அவனே சொன்னான். அந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை மார்க் போடுவது! மருந்தின் பெயரை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கச் சொன்னேன். அதுவரை இரண்டு வயலுக்கும் யூரியா போட வேண்டாம், தழைச்சத்து கூடினால் இரண்டு நோயும் கூடும் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன்.

மறு வாரம் ஒரு மாணவி தூரோடு பிடுங்கிய பயிர் ஒன்றைக் கொண்டு வந்தாள். குட்டையாக நின்றுபோன பயிர், இலை ஆரஞ்சு கலந்த மஞ்சள். தம்ளரில் கலங்கல் இல்லை, சுரண்டினால் வித்தும் இல்லை. பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிற துங்ரோ அது, வைரஸ். "இது எந்த உலகம் டீச்சர்?"

செல்லே இல்லாததற்கு விட்டேக்கரின் ஐந்திலும் இடமில்லை என்றேன். ஐந்து உலகங்களும் இறுதியான பட்டியல் இல்லை என்பதையும், 1977-இல் வோஸ், ஃபாக்ஸ் என்ற விஞ்ஞானிகள் மொனிராவுக்குள்ளிருந்தே, பாக்டீரியா போலத் தெரிந்தாலும் அதிலிருந்து வேறான ஆர்க்கியா என்ற உயிர்களைத் தனியாகப் பிரித்துக் காட்டியதையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மருந்து அடிக்க வேண்டியது பயிருக்கு இல்லை, பூச்சிக்குத்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சுவரில் ஒட்டியிருக்கும் எங்கள் சார்ட்டில், ஐந்து பெட்டிகளுக்கும் வெளியே அந்த இலையை அவளே செலோடேப் போட்டு ஒட்டினாள்.