கரண்ட் போனால் உறையும் மடிக்கணினி: கர்னல் டிரைவரில் ஒரு திருத்தம்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தென்னந்தோப்பு மோட்டார் அறையில் பழைய மடிக்கணினி ஒன்று லினக்ஸில் ஓடுகிறது. மோட்டார் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று குறித்துவைப்பதே அதன் வேலை. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசத் தொடங்கினால் இங்கே கரண்ட் அடிக்கடி போகும். போனதும் கணினி பேட்டரிக்கு மாறும், உடனே உறைந்துவிடும். ஏதாவது ஒரு விசையைத் தொட்டால்தான் உயிர் வரும்.

நொடிக்கொரு முறை நேரத்தை அச்சிடும்படி செய்துவிட்டு சார்ஜரை உருவினேன். திரை 7:42:11இல் நின்றது. ஸ்பேஸ் விசையைத் தட்டியதும் அடுத்த வரி 7:42:58.

இதுவே பாதி விடை: கணினி செத்துவிடவில்லை, உறங்குகிறது; விசை எழுப்புகிறது, டைமர் எழுப்பவில்லை. வேலையில்லாத ப்ராசஸர் சி1, சி2, சி3 என்ற உறக்க நிலைகளில் ஆழ்ந்துகொண்டே போகும். மின்செலவு குறையும், விழிக்க நேரம் கூடும். பழைய தலைமுறை ப்ராசஸர்களில் சி3க்குப் போனால் அதை நேரத்துக்கு எழுப்ப உள்ளேயே இருக்கும் ஏபிக் என்ற டைமரும் நின்றுவிடும். ப்ராசஸருக்கு வெளியிலுள்ள ஹெச்பெட் என்ற டைமர்தான் எழுப்ப வேண்டும். லினக்ஸின் மையமான கர்னல் அதற்கு ஏற்பாடு செய்யும், அந்த நிலை சி3 என்று தெரிந்தால்.

இங்கே தெரியவில்லை. கணினியின் உள்மென்பொருளான ஃபர்ம்வேர், உறக்க நிலைகளின் பட்டியலைக் கர்னலுக்குத் தரும் ஏசிபிஐ அட்டவணையைப் பிரித்துப் பார்த்தேன். சார்ஜர் இருக்கும்போது பட்டியலில் ஒரே நிலை. கழற்றியதும் ஃபர்ம்வேர், பட்டியல் மாறிவிட்டது என்று சொல்லும் ஹெக்ஸ் 81 (16 அடிமான எண்) அறிவிப்பை அனுப்புகிறது. கர்னலில் இந்த நிலைகளைக் கையாளும் டிரைவர் பட்டியலை மறுபடி படிக்கிறது. இரண்டாவது நிலை சேர்கிறது. அதன் வகை 1, அதாவது சி1 என்று ஃபர்ம்வேரில் எழுதியிருக்கிறார்கள். ப்ராசஸரை உறங்கவைக்கும் எம்வெயிட் கட்டளைக்கான குறிப்போ ஹெக்ஸ் 20, அதாவது இந்த ப்ராசஸரில் சி3.

கர்னல் தொடங்கும்போதே சி1க்கு மேல் போகாதே என்று கட்டளையிட்டால் உறையாது. எனக்கு அதில் சம்மதமில்லை. பேட்டரியில் ஓடும் நேரத்தில்தான் ஆழ்ந்த நிலை தேவை. அதையே அடைப்பது தீர்வாகாது.

பட்டியலைப் படித்த கையோடு, சரிபார்ப்பு தொடங்குமுன், இந்த மாடலுக்கு மட்டும் எம்வெயிட் குறிப்பைப் பார்த்து வகையை 3 ஆக்கும் சில வரிகளைச் சேர்த்தேன். டைமரை மட்டும் ஒட்டுப்போடாததற்குக் காரணம் உண்டு: வகை 3 என்றால்தான் பஸ் மாஸ்டர் சரிபார்ப்பும், அதாவது ப்ராசஸரைக் கேட்காமல் நினைவகத்தைத் தொடும் சாதனங்களைக் கவனிப்பதும் நடக்கும். நினைவகத்தின் தரவு கெடாமலிருக்க அது அவசியம்.

இப்போது சார்ஜரை உருவினால் நொடிகள் தடையின்றி ஓடுகின்றன, சி3 எண்ணிக்கை ஏறுகிறது, மின்விசிறி அடங்கிவிடுகிறது. மூடியை மூடித் திறந்த பிறகும் திருத்தம் நிலைக்கிறதா என்ற சோதனை பாக்கி. அதையும் பார்த்த பிறகே கர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புவேன்.