மணல் தூவும் ஆட்கள்

டார்ஜிலிங் பொம்மை ரயில் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. தண்டவாளத்தின் அகலம் 2 அடிதான், ஆனால் 1881லிருந்து சமவெளியில் கிளம்பி 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கும் கும் என்ற ஸ்டேஷன் வரை ஏறுகிற ரயில் அது. நம் ஊட்டி ரயிலுக்கு இருப்பது போல நடுவில் பல்சக்கரம் பிடித்து ஏற உதவும் பல்தண்டவாளம் எல்லாம் கிடையாது. வளைந்து வளைந்தும், சில இடங்களில் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய் இசட் எழுத்து மாதிரியும்தான் மலையேறும்.

மூடுபனியில் தண்டவாளம் ஈரமானால் சக்கரம் வழுக்கும். அதற்காகவே பி வகை நீராவி இன்ஜினின் முன்பக்கம், பஃபருக்கு (மோதல் தாங்கும் முன்பகுதி) மேலே, இரண்டு பேர் உட்கார்ந்து கையாலேயே தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டு வருவார்கள். நிலக்கரியை உடைத்துக் கொடுக்க இன்னொருவர் கரிக்குவியல் மேலேயே இருப்பார். 1999ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது சரி, இந்தக் கைத்தொழில் தெரிந்த ஆட்கள் இல்லாமல் போனால் இன்ஜினை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலில் காப்பாற்ற வேண்டியது அவர்களைத்தான்.

ரயில் மாடல் செய்கிறவர்கள் பலர் 1:76 அளவில் (நிஜத்தில் 76ல் ஒரு பங்கு) 9 மிமீ அகலத் தண்டவாளம் போட்டு நேரோ கேஜ், அதாவது குறுகிய தண்டவாள ரயில்களைச் செய்கிறார்கள். டார்ஜிலிங் இன்ஜின் செய்தால் தயவுசெய்து ஆட்களையும் சேர்த்துச் செய்யுங்கள்.

அப்புறம், டார்ஜிலிங் போகிறவர்கள் டீசலை விட்டுவிட்டு நீராவி ரயிலுக்கே டிக்கெட் எடுங்கள்.