எட்டாங்கட்டையைத் தேடி

பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறி, மதியத்துக்குள் கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து கிராப் வாடகைக் கார். ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் என்றேன். "ஓ, ஜாலான் டூத்தாவா" என்றார் ஓட்டுநர். பழைய பெயர் அவ்வளவு சுலபத்தில் போகாது. தேசிய ஆவணக் காப்பகம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது.

ஊரிலிருந்து கோலாலம்பூர் வருகிறவர்கள் பத்துமலைக்குப் போவார்கள். நான் வந்தது பாட்டி பிறந்த தோட்டத்தைத் தேடி. அவருக்குத் தெரிந்த முகவரி ஒன்றுதான்: "கிள்ளான்லேருந்து காப்பார் போற ரோட்டுல எட்டாங்கட்டை." கட்டை என்றால் மைல். தோட்டத்தின் ஒரு மூலைக்குக் 'காப்பிக்காடு' என்று பெயராம். ஆனால் அங்கே நின்றதெல்லாம் பால்மரம், அதாவது ரப்பர்.

பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் வீண். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வழங்கிய பெயரை வைத்துக்கொண்டு துரைமார் எழுதிய தாள்களில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? என் புத்தி அப்படி.

இங்கே புதையல் என்றால் சிலாங்கூர் செயலகக் கோப்புகள்தான். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் காலத்துக் கடிதப் போக்குவரத்து: நில மனு, சாலைச் செலவு, ஆஸ்பத்திரி, கூலியாள் கணக்கு. எண்கள் 1957 என்று தொடங்குவதைப் பார்த்து, சுதந்திர ஆண்டுத் தாள் போலிருக்கிறது என்று இரண்டைத் தள்ளியும் விட்டேன். அது காப்பகத்தின் பதிவெண்ணாம். உள்ளே இருப்பது 1890களின் கையெழுத்து. 'டி'யும் 'எல்'லும் ஒரே மாதிரி சாய்ந்து கிடக்கின்றன.

பழைய வரைபடம் ஒன்றில் கிள்ளானிலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே போய் எட்டில் நிறுத்தினேன். ஓர் ஆங்கிலப் பெயர். அதே பெயரில் ஒரு நில மனு. நடப்போவது, லைபீரியக் காப்பி!

அந்த வட்டாரமே முதலில் காப்பி போட்ட இடம்தான். 1890களின் கடைசியில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்ததும், தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. செடி போய், பேர் மட்டும் அந்த மூலையில் தங்கிவிட்டது. கோப்பில் ஆட்களுக்குப் பெயர் இல்லை. 'தமிழர்' என்று போட்டு எதிரே ஓர் எண்.

வெளியே வந்து பாட்டிக்குப் போன் போட்டேன். காப்பி கதையைக் கேட்டுச் சிரித்தார். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை வாசித்துக் காட்டினேன்.

"அது துரை வெச்ச பேரு. காலையில ஆளுங்கள பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல. நீ சாப்பிட்டியா?"