படபடப்புக் குறிப்புகள்: கோப்பையும் மாத்திரையும்

மார்ச் 3
படபடப்பு வந்தால் எத்தனை காபி என்று எண்ணத் தொடங்குகிறோம். எத்தனை மணிக்குக் குடித்தோம் என்பதையும் எழுதி வைத்தால்தான் கணக்கு பிடிபடும். குடித்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் காஃபின் உச்சத்தைத் தொடுகிறது. அதில் பாதி கழிய ஏறக்குறைய 5 மணி நேரம். மாலை 4 மணிக்கு 200 மில்லிகிராம் உள்ளே போனால், இரவு 9 மணிக்கும் 100 மில்லிகிராம் சுற்றிக்கொண்டிருக்கும்.

மார்ச் 4
240 மி.லி. கறுப்புக் காபியில் சுமார் 95 மில்லிகிராம் காஃபின், தேநீரில் அதில் பாதி, 250 மி.லி. எனர்ஜி டிரிங்கில் 80. சில தலைவலி மாத்திரைகளில் ஒன்றுக்கு 65 வரை இருக்கும். இதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400, கர்ப்பிணிகளுக்கு 200 என்பது பொதுவான வரம்பு.

மார்ச் 6
அதே இரண்டு கோப்பைதான், இத்தனை வருடம் ஒன்றும் செய்யவில்லை, இப்போது ஏன்? பதில் பெரும்பாலும் மருந்துச் சீட்டில் இருக்கும். காஃபினைக் கரைப்பது கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.1ஏ2 என்ற நொதி. மன அழுத்தத்துக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் தரப்படும் ஃப்ளூவாக்ஸமின் இதை ஏறக்குறைய முடக்கிவிடும். 5 மணி நேரக் கணக்கு 30 மணி நேரமாக நீளும். நேற்றைய காபியின் மேல் இன்றைய காபி ஏறி உட்காரும். சிப்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாடிக்கும் இந்த நொதியைத் தடுக்கும். கருத்தடை மாத்திரை காஃபின் தங்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும்.

புகைப்பழக்கம் இதற்கு நேர் எதிர்: புகை அந்த நொதியை முடுக்கிவிடும். ஆகவே சிகரெட்டை விட்டவருக்குப் பழைய அளவு காபியே அதிகமாகிவிடும். வரும் படபடப்பை "சிகரெட் இல்லாத தவிப்பு" என்று எடுத்துக்கொள்வார். கோப்பையைப் பாதியாக்கிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மார்ச் 7
தாமாகவே இதயத்தை விரட்டும் மருந்துகள்: ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் (அடிக்கடி இழுத்தால் பொட்டாசியமும் குறையும்), மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், மூச்சுத் திணறலுக்குத் தரப்படும், காஃபினின் நெருங்கிய உறவான தியோஃபிலின். தைராய்டு மாத்திரையின் அளவு கூடினாலும் துடிப்பு எகிறும். காபியோடு சேர்த்து விழுங்கினால் அந்த மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு அரை மணி முதல் ஒரு மணி வரை பொறுக்க வேண்டும்.

மார்ச் 9
நாடி எண்ணக் கட்டைவிரல் வேண்டாம். அதற்கே ஒரு துடிப்பு உண்டு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வைத்து முழு 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒழுங்கற்ற துடிப்பில் கணக்குத் தப்பும். தாளத்தை மேசையில் தட்டியும் பாருங்கள். ஒரு துடிப்பு முந்தி வந்து, சிறு இடைவெளி விட்டு, அடுத்தது 'தொம்' என்று இடித்தால் அது பெரும்பாலும் கூடுதல் துடிப்பு. சுவிட்சைப் போட்டதுபோல் சட்டென்று 150-க்கு மேல் ஏறி, அதேபோல் சட்டென்று அடங்கினால் அதைக் காபி மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, இ.சி.ஜி. தேவை.

மார்ச் 10
காபியை ஒரேயடியாக நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். அதற்கு காஃபின் கலந்த மாத்திரை போட்டால் பழைய கதைதான். சில நாட்களுக்கு ஒருமுறை அரைக் கோப்பை குறைப்பது எளிது. இதயத் துடிப்பைத் தணிக்கத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தவே கூடாது. துடிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பும்.

மார்ச் 12
படபடப்போடு மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் உடனே அவசர சிகிச்சை. அங்கே கடைசிக் காபி எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். சில வகை வேகத் துடிப்பை நிறுத்த அடினோசின் ஊசி போடுவார்கள். அது போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் காஃபின் அடைத்துக்கொண்டிருந்தால் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம்.