மாசியில் கவாத்து

டொராண்டோவில் மே மாதம் செடிக்கடைக்குள் நுழையும் மதுரைக்காரருக்கு முதல் அடி பெயரட்டையில் விழும். எதிரெதிராகப் பளபளக்கும் இலை, கிளை நுனியில் மூன்று வெள்ளை மொட்டு. குனிந்து மோந்து பார்த்தால் நம் குண்டுமல்லியேதான். அட்டையில் எழுதியிருப்பதோ ‘அரேபியன் ஜாஸ்மின்’. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூவின் சொந்தக்காரர்களுக்கு அங்கேயே மனசு சுருக்கென்று ஆகும். அந்த வலி ஆறுவதற்குள் பக்கத்தில் நிற்கும் ஃபிலிப்பினோ அம்மா ‘சம்பகிட்டா!’ என்று முகம் மலர்ந்து இன்னொரு தொட்டியைத் தூக்குவார். அவர்களுக்கு அது 1934 முதல் தேசிய மலர். கோயில் வாசலில் நாம் மல்லி விற்பதுபோல் அவர்கள் ஊரில் தேவாலய வாசலில் மாலை கட்டி விற்பார்கள். முன்பின் தெரியாத இருவர் ஒரு பூவை வைத்துக் கால்மணி நேரம் பேசிவிடலாம்.

ஊர்ச் செடியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் ஆசையை விட்டுவிடுங்கள். மண் ஒட்டிய வேரைக் கனடா உள்ளே விடாது. இங்கே கிடைப்பதில் கட்டுவதற்கு ஏற்றது ‘மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ்’ என்ற ஒற்றை அடுக்கு ரகம். ‘கிராண்ட் டியூக் ஆஃப் டஸ்கனி’ நம் அடுக்குமல்லி மாதிரி. ரோஜாபோல் உருண்டு வரும், ஆனால் மெதுவாக வளரும். பிப்ரவரியில் கடைகளில் ரோஸ் நிற மொட்டோடு கொடியாய்ச் சுற்றி விற்பது வேறு இனம். மொட்டு வைக்க அதற்குக் குளிர் வேண்டும், நம் மல்லிக்குக் குளிர்தான் எமன். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குளிரில் வைத்து மல்லியைக் கொன்றவர்கள் நிறையப் பேர்.

டொராண்டோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 43 பாகையைத் தாண்டி இருக்கிறது, மதுரை பத்துக்குள். அதை யாராலும் நகர்த்த முடியாது. அக்டோபரில் ஒரே ஒரு இரவு உறைபனி இறங்கினாலும் பால்கனியில் விட்ட செடி காலையில் வேகவைத்த கீரைபோல் தொங்கும். அதைப் பார்த்து ‘இந்த ஊரில் மல்லி வராது’ என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கும். மதுரையிலும் மார்கழிப் பனியில் பூ வராது. வரத்து குறைந்து கிலோ 2,000 ரூபாயைத் தாண்டும் நாட்கள் அவைதான். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டக்காரர் பனியோடு சண்டைக்குப் போவதில்லை. கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரம், தண்ணீரைக் குறைத்து, புதரை முழங்கால் உயரத்துக்கு, ஏறக்குறைய 50 சென்டிமீட்டருக்கு வெட்டிவிட்டு, ஒரு செடிக்குப் பத்துக் கிலோ தொழுவுரம் வைத்து மண் அணைப்பார். பூக்காத மாதத்தைக் கவாத்துக்கு ஒதுக்குவது அவருடைய முடிவு. மல்லி புதுத்துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும் என்பதால், பங்குனியில் கொட்டும் பூவெல்லாம் அந்த வெட்டில் பிறந்ததுதான்.

இங்கேயும் அதே வேலைதான், மாதம் மட்டும் மாறும். ஊரில் மாமாவிடம் போனில் பேசினால், “கார்த்திகை பொறந்து பத்து நாளாச்சேத்தா, இன்னுமா வெட்டாம வச்சிருக்க?” என்பார். அவர் சொல்வது உசிலம்பட்டிக்குச் சரி. மதுரையின் மிகக் குட்டையான பகலே பதினொன்றரை மணி நேரம் இருக்கும். டொராண்டோவில் டிசம்பர்க் கடைசிப் பகல் ஒன்பது மணி நேரத்தைத் தொடாது. அந்த இருட்டில் வெட்டினால் வெளிறிய, நூல்போன்ற துளிர்தான் கிளம்பும், அதையும் செஞ்சிலந்தி என்ற பொடிப்பூச்சி உறிஞ்சிவிடும். பிப்ரவரி கடைசியில்தான் இங்கே பகல் 11 மணி நேரத்துக்கு வருகிறது. நம் கணக்கில் மாசி. அப்போது ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கணு விட்டு, கணுவுக்கு மேலே அரை விரல் தள்ளி, சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம் நின்றால் போதும். இலை இல்லாத செடி தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. துளிர் வரும் வரை ஊற்றுவதைக் குறைக்காவிட்டால் வேர் அழுகும்.

அதுவரை செடியை உயிரோடு காப்பதுதான் பெரிய பாடு. இரவு வெப்பம் 10 டிகிரியை நெருங்கும் செப்டம்பர் கடைசியில் உள்ளே எடுத்துவிட வேண்டும். எடுக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் திரவ சோப்பு கலந்து கழுவுங்கள். தெற்கு ஜன்னல் நல்லது, ஆனால் இலை கண்ணாடியில் படக்கூடாது, சூடான காற்று வரும் துவாரத்துக்கு மேலேயும் வைக்கக்கூடாது. ஹீட்டர் ஓடும் வீட்டின் வறண்ட காற்றுதான் செஞ்சிலந்தியைக் கூப்பிடும். இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளி கண்டால் வாரம் ஒரு முறை குளியலறை ஷவரில் அடிப்பக்கம் நனையக் காட்டுங்கள்.

ஜனவரியில் இலை பாதி உதிரும். பயப்பட வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். தெரிந்தால் செடி தூங்குகிறது, அவ்வளவுதான். நரம்பு பச்சையாக இருந்து இலை மட்டும் மஞ்சளித்தால் இரும்புச் சத்து எட்டவில்லை என்று பொருள். குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு மண்ணில் சேரச் சேர, இருக்கும் இரும்பையும் வேரால் எடுக்க முடியாது. இதற்கு மருந்து வாசலிலேயே கிடக்கிறது. உப்புத் தூவாத இடத்துப் புதுப் பனியை வாளியில் அள்ளி உள்ளே வைத்து உருக விடுங்கள். வாளி நிறையப் பனிக்குச் சொம்புத் தண்ணீர்தான் தேறும், ஆனாலும் அது மழைநீர்போல் மென்மையானது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். எந்தக் குளிர் செடியைக் கொல்லப் பார்த்ததோ அதிலிருந்தே அதற்குத் தண்ணீர் எடுப்பதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு.

மே மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, விக்டோரியா டே விடுமுறை கழிந்து, தொட்டியை வெளியே வைக்கலாம். முதல் ஐந்து நாள் நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், பிறகு ஆறு மணி நேர முழு வெயில். அவசரப்பட்டு முதல் நாளே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் அந்தக் கிளையில் இரண்டு கணு கிள்ளிவிடுங்கள், அடுத்த சுற்று வரும். தொட்டி பன்னிரண்டு அங்குலம் போதும். பெரிதாய் வைத்தால் செடி செழிக்கும் என்று நினைப்போம். வேர் எட்டாத ஈரமண் புளித்துப்போகும்.

மூன்று நான்கு குளிர் தாண்டிய செடியை இந்த ஊர்ச் செடி என்றே சொல்லிக்கொள்ளலாம். வைத்திருப்பவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். ஆனால் ஒரு தொட்டியில் நாளுக்குப் பத்து மொட்டுதான். ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் மூன்று நாள் சேர்த்தால் கால் முழம் வரும். தையல் நூல் காம்பை அறுத்துவிடும். நனைத்த தடித்த பருத்தி நூல் பரவாயில்லை. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று வைத்து முடிச்சை இறுக்கும்போது விரல் வாழைநாரைத் தேடும். அம்மன் சன்னதி வாசலில் ஈரச் சாக்கில் பூவைக் குவித்து, “வாங்கிட்டுப் போ தாயி” என்று முழங்கை வரை அளந்து, அதற்கு மேலும் நாலு கண்ணி விட்டு அறுத்துத் தரும் அக்காவின் கை நினைவுக்கு வரும்.

ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு 9 மணி ஆகும். மொட்டு மெல்ல வாய் திறப்பது அதற்குப் பிறகுதான். மதுரையில் அப்போது காலை ஆறரை. மாட்டுத்தாவணியில் அன்றைய மொட்டு தராசில் ஏறிக்கொண்டிருக்கும்.