எல்லாம் நோர்மல், ஆனால் நெஞ்சு நோகிறது

முதல் தடவை வந்தது 100ஆம் இலக்க பஸ்ஸில். புறக்கோட்டையில் வேலை முடிந்து வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது இடப்பக்க நெஞ்சில் யாரோ பெருவிரலால் அழுத்திப் பிடித்த மாதிரி ஒரு நோ. பம்பலப்பிட்டி வருவதற்குள் இடது கையில் சின்னவிரலும் மோதிரவிரலும் விறைத்துவிட்டன. எனக்கு அப்போது 37 வயது. அப்பா மாரடைப்பில் போனவர். வேறு எதை நினைப்பேன்?

அன்றிரவு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையை இரண்டு தடவை செய்தார்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டாலும் அது இரத்தத்தில் தெரியவரச் சில மணி நேரம் எடுக்கும், அதனால்தான் இரண்டாவது. இரண்டும் நோர்மல். நெஞ்செரிவுக் குளிசை தந்து அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போனில், "வாய்வாத்தான் இருக்கும் பிள்ளை, உள்ளியைச் சுட்டுச் சாப்பிடு" என்றார். சாப்பிட்டேன். நோ போகவில்லை.

அடுத்த எட்டு மாதத்தில் இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ, நடக்கவிட்டு ஈ.சி.ஜி. பார்க்கும் டிரெட்மில், எக்ஸ்ரே, தைரொயிட், பி12, சீனி, கடைசியில் கையில் மின்சாரம் செலுத்தி நரம்பைப் பார்க்கும் பரிசோதனையும் முடிந்தது. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் வரும்போது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் குளியலறைக்குள் போய் அழுதேன். ஏதாவது ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்றிருந்தது. வருத்தம் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேனோ என்று என்மேலேயே கோபமும் வந்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த அழுகையில் தப்பொன்றும் இல்லை. நோ உண்மை என்று உடம்புக்குத் தெரியும், தாளில்தான் அது இல்லை.

நான் காசு கட்டி நேரம் பதிந்து, அதாவது சனல் பண்ணிப் பார்த்த ஒரு விசேட வைத்திய நிபுணர் ரிப்போர்ட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஒன்றும் இல்லை, யோசிக்காதீங்க" என்றார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு நோ வந்தாலும் வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டேன். நான் செய்ததிலேயே பெரிய பிழை அதுதான்.

மொழியும் ஒரு சிக்கல். நாங்கள் 'விறைப்பு' என்றால் மரத்துப்போவதும் அதுதான், இறுகிப்போவதும் அதுதான். நான் இங்கிலீஷில் 'ஸ்டிஃப்' என்று சொல்லியிருக்கிறேன். டொக்டரும் தசைப்பிடிப்பு என்று எழுதி, பூசுவதற்கு ஜெல் தந்தார். பல மாதம் கழித்து ஒரு சிங்களத் தாதி "ஹிரி வட்டெனவாத?" (மரத்துப்போகிறதா?) என்று தன் விரல்களைக் குலுக்கிக் காட்டிக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது, நான் சொல்ல நினைத்தது அதுதான் என்று. மரத்துப்போகிறதா, ஊசி குத்துகிறதா, பலம் குறைகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். மூன்றும் வேறு வேறு.

பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர் கிடைத்தார். அவர் ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, விலா எலும்பு நெஞ்செலும்போடு சேருமிடத்தை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினார். மூன்றாவது இடத்தில் "ஆ" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் வந்த அதே நோ. அந்த மூட்டுக் குருத்தெலும்பு நொந்தால் இப்படி வரும் என்றார். நோ வரும்போது எப்படி மூச்சு எடுப்பேன் என்று செய்து காட்டச் சொன்னார். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல்களிலும் வாயைச் சுற்றியும் விறைப்பு வரும் என்று விளக்கினார்.

"ஆனால் காலையில் எழும்பும்போதே விறைச்சிருக்கே டொக்டர்?"

"அதுக்கு இப்ப என்னட்டப் பதில் இல்லை. மூன்று மாதத்தில திரும்ப வாங்கோ, பார்ப்பம்."

அந்தப் பதில் எனக்கு எந்தக் குளிசையைவிடவும் ஆறுதலாக இருந்தது.

அவர் சொல்லித்தான் ஒரு கொப்பி போட்டேன். எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் இருந்தது, விறைப்பு உண்டா. ஆறு வாரத்தில் ஒன்று தெரிந்தது. லிஃப்ட் பழுதான நாட்களில் நாலு மாடி ஏறும்போது ஒருநாளும் வரவில்லை. இதயத்தால் வரும் நோ பெரும்பாலும் உடம்பை வருத்தும்போது வரும் என்பதால் டொக்டர் அதை முக்கியமாகக் குறித்துக்கொண்டார். வந்ததெல்லாம் கணினிக்கு முன்னால் குனிந்திருந்து மூன்று மணிக்குப் பிறகுதான், மாதக் கடைசியில் இன்னும் அதிகம். கைப்பையை வலது தோளுக்கு மாற்றினேன். மாலையில் மரைன் டிரைவில் நடக்கிறேன். நோ வந்தால் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுகிறேன். குறைந்திருக்கிறது, போகவில்லை.

இன்னொன்று. ஈ.சி.ஜி. தாளை அப்படியே ஃபைலில் வைக்காதீர்கள். அது வெப்பத்தாள், கொழும்பு வெக்கையில் கோடு மங்கிவிடும். எடுத்த அன்றே போட்டோகொப்பி எடுங்கள். அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

நோர்மல் என்று வந்ததற்காக எல்லா நோவையும் சும்மா விடக்கூடாது என்பதையும் டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வியர்த்து, மூச்சு முட்டி, தாடைக்கோ கைக்கோ பரவும் நோ என்றாலும், முகம் கோணினாலும், பேச்சுக் குழறினாலும், ஒரு பக்கம் பலம் இழந்தாலும் உடனே 1990க்கு போன் பண்ண வேண்டும். அது சுவசெரிய அம்புலன்ஸ், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. அந்த இலக்கத்தை என் கணவர் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்.

போன வியாழன் பின்னேரம் 3.40. இடது பக்கம், இரண்டு விரல், பன்னிரண்டு நிமிடம். கொப்பியில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் இவரிடமும் சொன்னேன்.